மூடியும் பேழையும்

கி.மு. 9ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த மக்கள், எரித்த உடலின் எலும்பையும் சாம்பலையும் திரட்டி மண் தாழி ஒன்றில் இட்டு, கிணறுபோல் தோண்டிய குழிக்குள் அதை இறக்கிப் புதைத்தார்கள். தாழிக்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தால், குழிக்குள் இறக்குமுன் அவற்றுள் ஒன்றை வேண்டுமென்றே உடைத்துவிடுவது அவர்களுடைய வழக்கம். இனி அந்தக் கலம் வீட்டுப் புழக்கத்துக்குத் திரும்பாது என்பதை உறுதிப்படுத்திய சடங்காகவே அதைக் கொள்ள வேண்டும். இறந்தவர் ஆணாக இருந்தால் தாழியின் வாயைச் சில வேளைகளில் ஒரு தலைக்கவசத்தால் மூடினார்கள். வெருக்கியோ போன்ற ஊர்களில் தாழியின் மேல் துணியைப் போர்த்தி, உடையைச் செருகும் வெண்கல ஊக்குகளையும் அதில் குத்தி வைத்திருக்கிறார்கள். கலமாக இருந்ததற்கு இவ்வாறு தலையும் உடையும் வந்துவிட்டன. தொல்லியலார் வில்லனோவா பண்பாடு என்று அழைக்கும் இந்த மக்களே எட்ருஸ்கர்களின் முன்னோர். நெருப்பு அழித்துவிட்ட உடலுக்கு ஈடாக இன்னோர் உடலைத் தர வேண்டும் என்ற அவர்களின் இந்த முயற்சியிலிருந்து கிளைத்ததே, அடுத்த எட்டு நூற்றாண்டுகளுக்கு நீண்ட எட்ருஸ்க ஈமச் சிற்பக் கலை.

ஆர்னோ, டைபர் என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், தனித்தனி நகர அரசுகளாக வாழ்ந்த எட்ருஸ்கர்களின் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. ஏறத்தாழ 13,000 பொறிப்புகள் கிடைத்திருந்தும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கல்லறை வாசகங்களே; இன்னார், இன்னாருடைய மகன், இன்னாளுடைய மகன், இத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதற்கு மேல் அவை அதிகம் சொல்வதில்லை. அவர்களின் இலக்கியம் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் அவர்களைப் பற்றி எழுதிய 20 நூல்களின் தொகுதியும் எஞ்சவில்லை. ஆகவே எட்ருஸ்கர் தம்மைப் பற்றித் தாமே சொன்னதைக் கேட்க விரும்புகிறவர் கல்லறைகளுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே பேசுபவை பெரும்பாலும் சிற்பங்கள்.

தாழி உடலாக மாறிய கதையின் அடுத்த கட்டத்தை உள்நாட்டு நகரமான கியூசியில் காணலாம். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அந்நகரத்தார் சாம்பல் தாழியின் கழுத்தில் முதலில் வெண்கல முகமூடியைக் கட்டினார்கள், பிறகு மூடியையே மனிதத் தலையாக வனைந்தார்கள், கைப்பிடிகள் கைகளாயின, தாழியை வெண்கலத்தாலோ சுடுமண்ணாலோ ஆன நாற்காலியில் அமர்த்தினார்கள். இறந்தவர் தம் வீட்டில் தமக்குரிய இருக்கையில் வீற்றிருக்கும் கோலம் அது. எகிப்தியர் உடலின் உள்ளுறுப்புகளை இட்டு வைத்த சாடிகளுக்கு வழங்கும் கனோப்பிக் என்ற பெயரைப் பிற்கால அறிஞர்கள் இவற்றுக்கும் சூட்டினாலும், இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. இதே ஊரார் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கல்லில் செதுக்கிய சிலைகளிலும் எண்ணம் மாறவில்லை. கியூசிக்கு அருகிலுள்ள கியான்சியானோவில் கிடைத்து இன்று பிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிலை, மடியில் குழந்தையைக் கிடத்தி நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணைக் காட்டுகிறது. கண்டெடுத்தவர்கள் அவளை மேட்டர் மட்டூட்டா என்ற தாய்த் தெய்வமாக எண்ணிக்கொண்டதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சிலையின் உட்புறம் குடையப்பட்டிருக்கிறது. தலையைத் தனியே கழற்ற முடியும். உள்ளே இருந்தது சாம்பல். அவள் தெய்வம் அல்லள், இறந்துபோன ஒரு பெண்.

இந்த மரபின் மிகப் பெரிய படைப்பு கடலோர நகரமான செர்வெத்தேரியில், சுமார் கி.மு. 520இல் உருவானது. தம்பதியர் ஈமப்பேழை என்று அழைக்கப்படும் அந்தச் சுடுமண் சிற்பம் 1881இல் ஏறத்தாழ 400 துண்டுகளாகக் கிடைத்து, ஒட்டிச் சேர்க்கப்பட்டு, இன்று ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் உடன்பிறப்பு எனத்தக்க இன்னொரு பேழையை 1861இல் மூன்றாம் நெப்போலியன் கம்பானா என்ற சேகரிப்பாளரின் தொகுப்போடு வாங்கியதால், அது பாரிஸின் லூவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 1.9 மீட்டர் நீளமுள்ள இத்தகைய உருவத்தை ஒரே துண்டாகச் சுட்டால் சூளையில் களிமண் சுருங்கி வெடித்துவிடும். அதனால் பேழையையும் மூடியையும் குறுக்கே வெட்டி நான்கு பகுதிகளாகச் சுட்டுப் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். இணைப்புக் கோடு கட்டிலின் நடுவே மேலிருந்து கீழாக ஓடுவதை இன்றும் பார்க்கலாம். எட்ருஸ்கர்கள் கோயில் கூரைகளில் ஆளுயரச் சுடுமண் சிலைகளை நிறுத்திப் பழகியவர்கள். அந்தக் கைத்தேர்ச்சியே இங்கே கல்லறைக்கு வந்திருக்கிறது.

மெத்தையிட்ட கட்டிலில் கணவனும் மனைவியும் இடக்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறார்கள். விருந்தில் அவ்வாறு சாய்ந்து உண்பது கிரேக்கத்திலும் எட்ருஸ்கர் நாடான எட்ரூரியாவிலும் உயர்குடியினரின் வழக்கமாக இருந்தது. பின்னால் இருக்கும் கணவனின் மார்பு திறந்திருக்கிறது. அவன் வலக்கை அவள் தோளைச் சுற்றி வருகிறது. அவள் மென்மையான குல்லாயும் முனை வளைந்த காலணியும் அணிந்திருக்கிறாள். பாதாம்பருப்பு வடிவக் கண்களும், உதட்டோரங்களை மேலே தூக்கிய புன்னகையும், சரம் சரமாக விழும் கூந்தலும் அக்காலக் கிரேக்கச் சிற்பத்திலிருந்து கற்றவை. உடல்களைச் செய்த விதமோ கிரேக்கச் சிற்பி ஒருவரும் ஒப்பாதது. இடுப்புக்கு மேல் திரட்சியும் உயிர்ப்பும் நிரம்பியிருக்க, இடுப்புக்குக் கீழே கால்கள் தட்டையாகிப் போர்வையின் மடிப்புகளுக்குள் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றன. நிமிர்ந்த உடல் கிடந்த உடலாக மாறும் இடத்தில் எலும்பும் தசையும் பற்றிய கணக்கு எதுவும் பொருந்தவில்லை. சிற்பிக்கு உடற்கூறு தெரியவில்லை என்று இதைத் தள்ளிவிடுவது பிழை. அவருக்கு வேண்டியிருந்தவை முகமும் கைகளும் மட்டுமே. மனிதர்கள் ஒருவரோடொருவர் உறவாடப் பயன்படுத்தும் உறுப்புகள் எவையோ அவற்றுக்கே அவர் தம் களிமண்ணையும் கவனத்தையும் கொடுத்தார்.

அந்தக் கைகள் இன்று வெறுமையாக இருக்கின்றன. அவற்றில் இருந்த பொருள்கள் தனியாகச் செய்து செருகப்பட்டவை என்பதால் தொலைந்துவிட்டன. விரல்களின் வளைவைக் கொண்டு ஆராய்ந்த அறிஞர் பலர், மனைவி ஒரு சிறு குப்பியிலிருந்து நறுமண எண்ணெயைக் கணவனின் உள்ளங்கையில் வார்க்கிறாள் என்று கருதுகிறார்கள். நறுமண எண்ணெய் விருந்துக்கும் உரியது, ஈமச் சடங்குக்கும் உரியது. விருந்தினருக்குச் செய்யும் உபசாரமும் இறந்த உடலுக்குச் செய்யும் கடைசிப் பணிவிடையும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. அதையும் இறந்தவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள் என்பதுதான் இந்தச் சிற்பத்தைப் பார்க்கிறவரை நெகிழ்விப்பது.

கிரேக்கர்களுக்கு இந்தக் காட்சி ஆபாசமாகப் பட்டது. ஏதென்ஸ் போன்ற நகரங்களின் விருந்தில் குடும்பப் பெண்ணுக்கு இடமில்லை. அங்கே ஆண்களோடு இருந்த பெண்கள் குழலூதுவோரும் கணிகையரும்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ், எட்ருஸ்கப் பெண்கள் பிற ஆடவரோடும் பந்தியில் அமர்கிறார்கள், குடிக்கிறார்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று வசை பாடினார். எட்ருஸ்கர் ஒரே மேலாடையின் கீழ் பெண்களோடு சாய்ந்து உண்பதாக அரிஸ்டாட்டிலும் குறித்ததாகத் தெரிகிறது. இரண்டு செய்திகளும் பிற்காலத் தொகுப்பாளர் அத்தினேயஸ் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. வசையை நீக்கிவிட்டுப் பார்த்தால் இவை நல்ல சான்றுகள். ரோமப் பெண் தன் தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்கி வைத்துக்கொண்டதோடு சரி. எட்ருஸ்கப் பெண்ணுக்கோ ராம்தா, தன்க்வில், லார்த்தி என்று தனக்கே உரிய பெயர் இருந்தது. மகன் தன் பெயரோடு தந்தை பெயரைப் போலவே தாயின் குலப்பெயரையும் எழுதிக்கொண்டான். செர்வெத்தேரிப் பேழையில் மனைவி கணவனுக்குச் சமமான உயரத்தில், அவனுக்கு முன்னால் அமர்ந்திருப்பது சிற்பியின் கற்பனையன்று, அந்தச் சமூகத்தின் நடைமுறை.

கல்லறையே வீடு என்ற எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது அதே செர்வெத்தேரியின் பாந்திதாச்சா இடுகாட்டில் உள்ள புடைப்புருவக் கல்லறை. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்துனா என்ற குடும்பத்தார் எரிமலைச் சாம்பற்பாறையைக் குடைந்து அமைத்த இந்த அறையின் தூண்களிலும் சுவர்களிலும் வீட்டுப் பொருள்கள் சுதையால் வடிக்கப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. கோடரி, கத்திகள், கரண்டி, சுருட்டி மாட்டிய கயிறு, கேடயம், தலைக்கவசம், செல்ல நாய் என்று ஒரு குடித்தனத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஆணியில் தொங்குவதுபோல் சுவரில் இருக்கின்றன. நடு மாடத்தில் குடும்பத் தலைவருக்கான கட்டில். அதன் மேல் இரட்டைத் தலையணை. கீழே கால்வைக்கும் பலகையில் கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு. பக்கத்துப் பெட்டியின் மேல் மடித்து வைத்திருப்பது எட்ருஸ்கர்கள் தம் சமய நூல்களை எழுதிய துணிப்புத்தகம் என்று கருதப்படுகிறது. இவ்வளவு பரிச்சயமான பொருள்களுக்கு நடுவே, கட்டிலின் அடியில், பாதாள உலகின் வாயிலைக் காக்கும் பலதலை நாயும் கால்களுக்குப் பதிலாகப் பாம்புகளை உடைய ஓர் உருவும் இருக்கின்றன. தலையணைக்கு மேலே வீடு. கட்டிலுக்குக் கீழே அச்சம்.

இந்த இரண்டு தளங்களைப் பிடித்துக்கொண்டால் பிற்கால எட்ருஸ்க ஈமக்கலையின் இயல்பு விளங்கிவிடும். வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. தொடக்க காலத்தில் எட்ருஸ்கர் மரணத்தைக் களிப்போடு ஏற்றார்கள்; கி.மு. 396இல் வேயி என்ற எட்ருஸ்க நகரம் ரோமிடம் விழுந்தபின் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பறிபோக, அவர்களின் கலையிலும் இருள் கவிந்து பேய்கள் புகுந்தன என்பது அந்தக் கதை. ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸ் 1927இல் இந்தக் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்து எழுதி, அவர் இறந்தபின் 1932இல் வெளிவந்த நூல், ரோமின் இறுக்கத்துக்கு எதிராக மகிழ்ச்சியே உருவான எட்ருஸ்கர்களை நிறுத்தி, இந்தப் பார்வைக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. அழகான நூல்தான், ஆனால் சிற்பங்கள் அந்தக் கதைக்கு முழுவதும் இசையவில்லை. பேய்கள் வந்தபின்னும் விருந்துக் கோலம் போகவில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கி.மு. 1ஆம் நூற்றாண்டுவரை, மூடியின் மேல் இறந்தவர் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடியேதான் இருந்தார். அச்சம் பேழையின் பக்கங்களில் செதுக்கப்பட்டதே தவிர, மூடிக்கு ஏறவில்லை.

தர்க்குவீனியாவில் உள்ள லாரிஸ் புலேனாஸ் என்பவரின் கல் ஈமப்பேழை இதற்குத் தெளிவான சான்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய அந்தப் பேழையின் மூடியில், கழுத்தில் மாலை அணிந்த வயதான மனிதர் ஒருவர் சாய்ந்தபடி, விரித்த சுருளேடு ஒன்றைப் பார்ப்பவருக்குக் காட்டுகிறார். அந்த ஏட்டில் ஒன்பது வரிகளில் அவருடைய பெயர், தந்தை, பாட்டன், கிரேக்கன் என்ற அடைமொழி கொண்ட பூட்டன், அவர் வகித்த பதவிகள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. கீழே, பேழையின் முகப்பில், ஓர் உருவத்தின் இருபுறமும் சாருன்கள் சம்மட்டியை ஓங்கி நிற்கிறார்கள். சாருன் என்பவர் கிரேக்கரின் ஓடக்காரனான காரோனிடமிருந்து பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட எட்ருஸ்க மரண தூதர். கழுகு மூக்கும் கையில் சம்மட்டியும் அவருடைய அடையாளங்கள். ஓவியங்களில் அவருடைய தோல் அழுகும் சதையின் நீலம். அவரோடு வருகிற வாந்த் என்ற சிறகுள்ள பெண் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டுகிறவள். அவள் யாரையும் தண்டிப்பதில்லை. சம்மட்டிகளுக்கு மேலே படுத்தபடி புலேனாஸ் தம் வம்சாவளியைப் படித்துக் காட்டுகிறார். மரணத்தின் முன் நீட்டுவதற்கு அவரிடம் இருந்த ஆவணம் அது ஒன்றே. வீரமோ அறமோ அதில் முதலிடம் பெறவில்லை. இன்னாருடைய பிள்ளை என்ற செய்தியே முதலில் வருகிறது.

விருந்துக் கோலத்துக்கு விலக்குகளும் உண்டு. அவற்றுள் மிகச் சிறந்தவை வுல்ச்சியில் கிடைத்து இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள இரு கல் ஈமப்பேழைகள். ஒன்றில் ஆர்ந்த் தெத்னியெஸ் தன் மனைவி ராம்தா விஷ்னாயுடனும், மற்றொன்றில் அவர்களின் மகன் லார்த் தன் மனைவி தன்க்வில் தர்னாயுடனும், ஒரே போர்வைக்குள் ஒருவரை ஒருவர் பார்த்து அணைத்தபடி படுத்திருக்கிறார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், கிரேக்க நாகரிகத்தை நன்கு அறிந்திருந்த ஒரு குடும்பம், தன் மூத்த தலைமுறையையும் இளைய தலைமுறையையும் இப்படிக் காட்டத் தயங்கவில்லை. அரிஸ்டாட்டிலின் காதுக்கு எட்டிய அந்த ஒற்றை மேலாடை இங்கே கல்லாகியிருக்கிறது.

வடக்கே வோல்தெராவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து உருவான சாம்பல் பேழைகளை நோக்கிக் கலை வரலாற்றாசிரியர் பலர் முகம் சுளித்ததுண்டு. அவ்வூரில் எரியூட்டுவதே வழக்கம் என்பதால் பேழைகள் சிறியவை. அருகிலேயே வெட்டியெடுக்கப்பட்ட அலபாஸ்டர் என்ற மென்மையான, ஒளி ஊடுருவும் கல்லில் செதுக்கப்பட்டவை. முகப்பில் கிரேக்கக் கதைகளில் வரும் ஒடிசியஸின் பயணமோ, தீப்ஸ் நகரச் சகோதரர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொள்ளும் காட்சியோ, கூண்டு வண்டியில் மறுவுலகுக்குச் செல்லும் பயணமோ இருக்கும். மூடியில் ஆணாயின் நடுவில் குமிழுள்ள படையல் கிண்ணத்தையும், பெண்ணாயின் விசிறியையோ மாதுளையையோ கண்ணாடியையோ ஏந்திய உருவம் சாய்ந்திருக்கும். உடல் குறுகிச் சப்பையாகி, தலை மட்டும் பெரிதாக இருப்பதைக் கண்டு, கிரேக்கக் கலையைச் சரியாகப் படிக்காதவர்களின் நகல் என்று இவற்றை ஒதுக்கினார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய செர்வெத்தேரிச் சிற்பியும் இடுப்புக்குக் கீழே உடலைக் கைவிட்டவர்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மேலும் இவை தனித்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1861இல் திறக்கப்பட்ட இங்கிராமி கல்லறையில் ஆத்தி குடும்பத்தின் 53 பேழைகள் வட்டமான அறையின் சுவரோரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சாவுக்கும் கதவு திறக்கப்பட, புதியவர் ஒருவர் அந்த வட்டத்தில் சேர்ந்துகொண்டார். விளக்கொளியில் அந்த அறைக்குள் நுழைந்த உறவினருக்கு வேண்டியிருந்தது, இருளுக்குள்ளும் அடையாளம் தெரியும் முகங்கள்.

முகம் எந்த அளவுக்கு அந்த மனிதருடைய முகம் என்ற கேள்விக்கு ஓர் அரிய விடை லண்டனில் இருக்கிறது. 1886இல் கியூசி அருகே கண்டெடுக்கப்பட்டு மறு ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்த செயாந்தி ஹனுனியா த்லெஸ்னாசா என்ற பெண்ணின் சுடுமண் ஈமப்பேழை, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூடியில் அவள் இடக்கையில் கண்ணாடி பிடித்து, வலக்கையால் முக்காட்டை ஒதுக்குகிறாள். வளையும் மோதிரமும் காதணியும் அணிந்த செழித்த பெண். பேழைக்குள் அவளுடைய எலும்புக்கூடு அப்படியே இருந்ததால், அருங்காட்சியகத்தின் ஜூடித் ஸ்வாட்லிங்கும் மான்செஸ்டரின் ஜான் பிராகும் தலைமையேற்று நடத்திய ஆய்வில் மண்டையோட்டைக் கொண்டு முகத்தை மீட்டுருவாக்க முடிந்தது. ஐம்பதைத் தாண்டி இறந்த அந்தப் பெண்ணின் எலும்புகளில், இளமையில் குதிரைச் சவாரியின்போது நேர்ந்திருக்கக்கூடிய பெரிய காயத்தின் தழும்பும், அதைத் தொடர்ந்த மூட்டு நோயும், பற்கள் பலவற்றை இழந்த தாடையும் தெரிந்தன. மூடியிலுள்ள முகம் மீட்டுருவாக்கிய முகத்தை விட இளமையானது, மெலிந்தது, ஆனால் அவளுடையதுதான். மூட்டு வலியோடு வாழ்ந்து முடித்தவளுக்குச் சிற்பி வலியில்லாத உடலைக் கொடுத்தார், ஆளை மாற்றவில்லை. இதைப் பொய் என்பது தகாது. துக்க வீட்டார் நெஞ்சில் வைத்துக்கொள்ள விரும்பும் முகம் இதுதான்.

எல்லோருக்கும் இது வாய்த்ததில்லை. அதே கியூசியில், அதே நூற்றாண்டில், சிறு சுடுமண் பேழைகளை அச்சில் எடுத்து ஏராளமாக விற்றார்கள். முகப்பில் திரும்பத் திரும்ப ஒரே போர்க்காட்சி, மூடியில் போர்வைக்குள் உறங்கும் ஒரே உருவம். எளியவர்களும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவற்றை வாங்கினார்கள். முகம் பொதுவாகிவிட்ட அந்தப் பேழைகளிலும் பெயர் மட்டும் தனித்தனியே தூரிகையால் எழுதப்பட்டிருக்கிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் கல்லறைகளைத் திறந்த நிலக்கிழார்களும் வணிகர்களும் எதை எங்கிருந்து எடுத்தோம் என்று பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட பேழைகளைக் கொண்ட வோல்தெராவின் குவார்னாச்சி அருங்காட்சியகத்தில், மூடிகள் பல வேறு யாருடைய பேழைகளின் மேலோ அமர்ந்திருக்கின்றன. அளவு பொருந்தியதால் அப்படி வைத்துவிட்டார்கள். உறவின் இடத்தைக் காப்பதற்கென்றே பிறந்த ஒரு கலைக்கு இழைக்கப்பட்ட இதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. அங்கேயே சுடுமண்ணில் செய்த ஒரு மூடி, செர்வெத்தேரித் தம்பதியருக்கு நானூறு ஆண்டுகள் பிந்தையது. சுருக்கம் விழுந்த கிழவரும் கிழவியுமாக இருவர் சாய்ந்திருக்க, அவள் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறாள். பழைய புன்னகை போய்விட்டது. பக்கத்தில் இருப்பது போகவில்லை.

கல்லறை கலையாமல் கிடைத்தால் என்னவெல்லாம் தெரியும் என்பதற்குப் பெருஜியாவில் 1840இல் சாலைப் பணியின்போது வெளிப்பட்ட வெலிம்னா குடும்பத்தின் நிலவறை உதாரணம். வீட்டின் நடுக்கூடம்போல் அமைந்த அறையில், பாறையில் செதுக்கிய உத்திரங்களுக்குக் கீழே, குடும்பத் தலைவர் ஆர்ந்த் வெலிம்னா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். கட்டிலுக்குக் கீழே சிறகுள்ள இரண்டு பெண்கள் காவலிருக்கிறார்கள். சுற்றிலும் அவருடைய உறவினர்களின் பேழைகள், அவற்றுள் நாற்காலியில் அமர்ந்த அவர் மகள் வெய்லியாவின் பேழை ஒன்று. அங்கே கடைசியாக வந்து சேர்ந்த பளிங்குப் பேழை, ரோமர் இத்தாலியர் அனைவருக்கும் குடியுரிமை தந்து, எட்ருஸ்க மொழி பேச்சிலிருந்து மறைந்துகொண்டிருந்த காலத்தது. அதில் சாய்ந்த உருவம் இல்லை. பேழையே ஒரு சிறு கட்டடமாக இருக்கிறது. இறந்தவரின் பெயர் எட்ருஸ்கத்திலும் லத்தீனிலும் இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. லத்தீனில் அவர் வெலிம்னா அல்லர், புப்லியஸ் வொலும்னியஸ் வயலென்ஸ் என்ற ரோமக் குடிமகன். ஆனாலும் ரோமர் எவரும் கல்லறையில் எழுதிக்கொள்ளத் தேவையில்லாத ஒன்றை அந்த லத்தீன் வரியும் விடாமல் சொல்கிறது: அவர் கஃபாத்தியா என்ற பெண்ணுக்குப் பிறந்தவர்.